பருத்திக் காட்டில் நியூ டீல்: 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு வெளியே

1

முசோலினியின் சிறையில் இருந்தபடி கிராம்ஷி 1934இல் எழுதிய 'அமெரிக்கவாதமும் ஃபோர்டியமும்' என்ற குறிப்புகள் நம் வட்டாரத்தில் ஓரளவு அறிமுகமானவைதான். ஐரோப்பாவின் முதுகில் பழைய வரலாறு சுமையாகக் கிடக்கிறது. உழைக்காமல் நிலவருவாயில் உண்டு கொழுக்கும் வர்க்கங்கள் அங்கே உற்பத்தியின் மேல் அட்டையாய் ஒட்டிக் கிடக்கின்றன. அமெரிக்காவுக்கு அந்தப் பாரம் கிடையாது, அதனால்தான் அங்கே முதலாளியத்தின் மேலாண்மை தொழிற்சாலைக்குள்ளிருந்தே பிறக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். டெட்ராய்ட் நகரத்து ஃபோர்டு ஆலையைக் கண்முன் நிறுத்திப் பார்த்தால் இது சரிதான். ஆனால் டெட்ராய்ட்டிலிருந்து தெற்கே இறங்கி, மிசிசிப்பி ஆற்றங்கரைப் பருத்திக் காட்டில் நின்று பார்த்தால்? அங்கேயும் அட்டைகள் இருந்தன. அடிமை முறை ஒழிந்து எழுபது வருஷம் ஆகியும் உதிராத அட்டைகள்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அமெரிக்கா பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் புழங்குகின்றன. தாராளவாதிகளின் கதை இது: 1929இல் பங்குச் சந்தை சரிந்தது, பசி வந்தது, ரூஸ்வெல்ட் வந்தார், அரசு தலையிட்டது, மக்கள் பிழைத்தார்கள். இடதுசாரிகளின் கதை வேறு: முதலாளியம் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டது, நியூ டீல் என்பது புரட்சியைத் தவிர்க்கக் கொடுத்த கூலி, அவ்வளவுதான். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 'மக்கள்', 'தொழிலாளி' ஆகிய சொற்களை ஏதோ வானத்திலிருந்து விழுந்தவை மாதிரி எடுத்துக்கொள்வதில் இரண்டும் ஒன்றே. அந்தச் சொற்களுக்குள் யார் இருந்தார்கள், யாரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள் என்று கேட்டால் வேறொரு வரலாறு தெரியவரும். இங்கே கேட்க முயல்வது அதைத்தான்.

2

முதலில் 1920கள். 1920ஆம் வருடக் கணக்கெடுப்பில்தான் அமெரிக்க மக்கள்தொகையில் நகரவாசிகள் முதன்முறையாகப் பாதிக்கு மேல் போனார்கள். 1908இல் 850 டாலர் விற்ற ஃபோர்டின் மாடல் டி கார் 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. கையில் காசில்லையா, பரவாயில்லை, தவணை முறை இருக்கிறது. கார், ரேடியோ, சலவை இயந்திரம் எல்லாமே மாதாமாதம் கட்டி வாங்கக்கூடிய பண்டங்களாயின. 1914இலேயே நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்த ஃபோர்டு, அதை வாங்கத் தகுதி உள்ளவன்தானா என்று தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குடி, குடும்பம், சேமிப்பு எல்லாவற்றையும் விசாரித்தார். உழைப்பாளியை உற்பத்தி செய்வதும் ஆலையின் வேலையாயிற்று. கிராம்ஷியை ஈர்த்தது இதுதான்.

யார் அமெரிக்கர் என்று சட்டம் மும்முரமாக வரையறை செய்துகொண்டிருந்த காலமும் அதுவே. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் தொடர்பான வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' ஆகமாட்டார், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1924இன் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்கு அநேகமாகக் கதவையே மூடியது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களுக்குச் சிறு சந்து மட்டும் விட்டது. செழிப்பும் வேலி போடுவதும் சேர்ந்தே நடந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம். 1935இல் இதே வேலை இன்னொரு வடிவத்தில் வரும்.

சரி, இந்தச் செழிப்பு கிராமத்துக்கு வந்ததா? வரவில்லை. நகரத்துக்கு 1929இல் வந்த நெருக்கடி விவசாயிக்கு 1920இலேயே வந்துவிட்டது. அந்த வருஷத்தின் நடுவில் பவுண்டுக்கு 40 சென்ட்டை ஒட்டி விற்ற பருத்தி, வருஷக் கடைசிக்குள் 15 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. 1931, 32இல் ஆறு சென்ட் அளவில் நின்றது. இத்தனைக்கும் ஃபோர்டு கார் ஓடிய ரப்பர் டயருக்குள் பின்னிக் கிடந்தது பருத்தி நூல்தான். கார் தெரிந்த கண்ணுக்குள் நூல் விழவில்லை.

3

அந்த நூலை விளைவித்தவர்கள் யார்? 1930இல் தென்மாநிலங்களின் பண்ணை அலகுகளில் பாதிக்கு மேல் குத்தகைக்காரர்கள் கையில் இருந்தன. அடிமட்டத்தில் இருந்தவர்கள் வாரக்காரர்கள், ஏறத்தாழ 7,76,000 குடும்பங்கள். நிலம், கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் பண்ணை முதலாளியுடையவை. உழைப்பு மட்டும் வாரக்காரனுடையது. அவனுடையது என்றால் அவன் மனைவி, பிள்ளைகள் உழைப்பும் சேர்த்துத்தான். விளைச்சலில் ஆளுக்குப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதைப்பிலிருந்து அறுவடை வரை சோளமாவும் உப்புக்கறியும் பண்ணைக் கடையில்தான் கடனுக்கு வாங்க வேண்டும். விலையும் வட்டியும் அவர்கள் போட்டது. கணக்கு நோட்டு அவர்கள் கையில். பருத்தியை எடை போடுவது அவர்கள், விற்பது அவர்கள். டிசம்பரில் கணக்கு முடிக்கும்போது "இந்த வருஷம் நேருக்கு நேர் போச்சு" என்றால் அது நல்ல வருஷம். பெரும்பாலும் பாக்கிதான் மிஞ்சும். அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கும் கறுப்பருக்கு உயிர் உத்தரவாதம் கிடையாது. 1919இல் ஆர்கன்சா மாநிலத்தில் எலைன் என்ற ஊரையொட்டி, நியாயமான கணக்குக் கேட்கச் சங்கம் கூடிய கறுப்பு விவசாயிகள் மேல் வெள்ளைக் கும்பலும் துருப்புகளும் பாய்ந்தன. செத்தவர்களின் எண்ணிக்கை நூறு என்றும் பல நூறு என்றும் சொல்லப்படுகிறது. மரண தண்டனை விதிக்கப்பட்டதோ பன்னிரண்டு கறுப்பர்களுக்கு. வருஷக்கணக்காய் வழக்காடித்தான் அவர்களைத் தூக்கிலிருந்து மீட்க முடிந்தது.

வாரக்காரர் என்றாலே கறுப்பர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1930இல் தெற்கின் குத்தகைக்காரர்களில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் வெள்ளையர்கள், 7 லட்சம் பேர் கறுப்பர்கள். வாரக்காரர்களை மட்டும் எடுத்தால் பாதிக்குப் பாதி. ஒரே கடன், ஒரே சொறிநோய், ஒரே பலகை வீடு. ஆனாலும் ஒருவர் கை கோக்கவில்லை. ஏன்? டு பாய்ஸ் 1935இல் வெளியிட்ட 'கறுப்பர் மறுசீரமைப்பு' நூலில் இதற்கு ஒரு விடை சொன்னார். வெள்ளைத் தொழிலாளிக்குக் காசாகக் கிடைக்கும் கூலி குறைவுதான். அதோடு வெள்ளையன் என்ற பொது மரியாதையும் ஒருவகை மனக்கூலியாக அவனுக்குக் கிடைத்தது என்றார். வர்க்கம்தான் அடிப்படை, மற்றதெல்லாம் மேல்கட்டுமானம் என்று வாய்ப்பாடு ஒப்பிப்பவர்களும், எல்லாம் இனவெறிதான், வர்க்கம் பம்மாத்து என்பவர்களும் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பண்ணை முதலாளிகள் எதற்குப் பயந்தார்கள்? ஆள் போய்விடுவதற்கு. 1910க்கும் 1930க்கும் இடையில் 15 லட்சத்தை ஒட்டிய கறுப்பர்கள் தெற்கை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று ரயிலேறிப் போனார்கள். 1927இல் மிசிசிப்பி கரை உடைந்து வெள்ளம் வந்தபோது, கிரீன்வில் நகரத்தில் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் ஆற்றுக் கரைமேட்டில் சிக்கிக் கிடந்தார்கள். படகுகள் வந்தன. ஆனால் இவர்களை ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று பண்ணையார்கள் தடுத்தார்கள். துப்பாக்கி ஏந்திய காவலில் அவர்களைக் கரைமேட்டிலேயே வைத்து வேலை வாங்கினார்கள். நிவாரணத்தை மேற்பார்த்த ஹூவர் அடுத்த வருஷம் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார்.

4

1933இல் வேலை செய்யக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. 1930லிருந்து ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டிருந்தன. நகரத்தில் ரொட்டிக்கு வரிசை. கிராமத்தில் விற்காத விளைச்சல். முதலாளியம் இல்லாமையால் அல்ல, மிகையால் சாகும் என்று மார்க்ஸ் சொன்னதை இத்தனை பச்சையாக வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

ரூஸ்வெல்ட் அரசு கண்ட தீர்வு, விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்றுவது. வேளாண் சீரமைப்புச் சட்டம் 1933 மே 12 அன்று கையெழுத்தானது. அதற்குள் பருத்தி முளைத்துவிட்டது. என்ன செய்வது? உழுது அழி. சுமார் 4 கோடி ஏக்கர் விதைப்பில் 1 கோடி ஏக்கருக்கு மேல் அந்தக் கோடையில் உழுது புதைக்கப்பட்டது. செடியை மிதிக்காமல் சால் நடுவே நடக்கப் பழக்கிய கோவேறு கழுதைகள் செடிமேல் ஏற மறுத்து நின்றன என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அதே வருஷம் 60 லட்சம் பன்றிக்குட்டிகள் கொல்லப்பட்டன.

அழித்ததற்கு அரசு பணம் கொடுத்தது. யார் கையில்? கேள்வியே இதுதான். பணம் நிலத்தின் பெயரில் வந்தது, ஆகவே நிலம் வைத்திருந்தவர் கைக்கு வந்தது. 1934, 35க்கான பருத்தி ஒப்பந்தத்தில், விளைவிக்காமல் விட்ட பவுண்டுக்கு நாலரை சென்ட். அதில் நாலு சென்ட் பண்ணையாருக்கு, அரை சென்ட் வாரக்காரனுக்கு. விளைச்சலில் பாதிக்குப் பாதி. விளையாததில் எட்டுக்கு ஒன்று! அந்த அரை சென்ட்டும் பண்ணையார் கை வழியாக, கடை பாக்கியைத் தாண்டித்தான் வர வேண்டும். நிலத்தைத் தரிசு போட்டால் ஆள் எதற்கு? வந்த பணத்தில் பலர் டிராக்டர் வாங்கினார்கள். ஒரு டிராக்டர் வந்தால் பல குடும்பம் ரோட்டுக்கு.

இதையெல்லாம் வாஷிங்டனில் கவனிக்காமல் இல்லை. ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு, வழக்கமான எண்ணிக்கையில் குத்தகைக்காரர்களைக் கூடுமானவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அந்தக் 'கூடுமானவரை'யில்தான் சூட்சுமம். வேளாண் நிர்வாகத்தின் சட்டப் பிரிவில் இருந்த ஜெரோம் ஃபிராங்க் முதலான இளைஞர்கள், இருக்கும் ஆட்களையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1935 தொடக்கத்தில் அந்தப் பிரிவுக்கு விளக்கம் எழுதினார்கள். அந்த பிப்ரவரியிலேயே ஃபிராங்க் உள்ளிட்டோர் வேலையிலிருந்து தூக்கியெறியப்பட்டார்கள். வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸ் அதற்குச் சம்மதித்தார். மறுபுறம், அதே நிர்வாகத்தில் நிதிப் பொறுப்பில் இருந்த ஆஸ்கர் ஜான்ஸ்டன், மிசிசிப்பியில் ஏறத்தாழ 38,000 ஏக்கர் கொண்ட டெல்டா அண்ட் பைன் லேண்ட் கம்பெனியின் தலைவர். அந்தக் கம்பெனியின் உடைமையாளர்களோ மான்செஸ்டர் நூற்பாலை முதலாளிகள். திட்டம் போட்டவர், பணம் பகிர்ந்தவர், பணம் பெற்றவர் எல்லாம் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

5

1935 அமெரிக்கத் தொழிலாளி வர்க்கத்தின் பொன் வருஷம் என்பார்கள். ஜூலையில் வாக்னர் சட்டம் வந்தது: சங்கம் வைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை. ஆகஸ்டில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது: முதியோர் ஓய்வூதியம், வேலையில்லாக் காப்பீடு. 1938இல் குறைந்தபட்சக் கூலியும் வேலைநேர வரம்பும் வந்தன. மூன்றும் போராடிப் பெற்றவை, குறைத்துப் பேச முடியாது.

ஆனால் மூன்றிலும் வரையறைப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். வாக்னர் சட்டத்தில் 'தொழிலாளி' என்ற சொல் விவசாயக் கூலியையும் வீட்டு வேலையாளையும் குறிக்காது. சமூகப் பாதுகாப்பின் ஓய்வூதியத்திலும் காப்பீட்டிலும் இந்த இருவருக்கும் இடமில்லை. 1938 சட்டத்திலும் வயலுக்கு விலக்கு. சட்டத்தில் எங்கேயும் 'கறுப்பர்' என்ற சொல் கிடையாது. தேவையும் இல்லை. கறுப்புத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வயலிலும் அடுப்படியிலும்தான் இருந்தார்கள். அடுப்படியில் இருந்தவர்கள் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1935 பிப்ரவரியில் செனட் குழு முன்னால் கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் சாட்சியம் அளித்த வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன், இந்த மசோதா ஒரு சல்லடை மாதிரி இருக்கிறது, அதன் கண்கள் கறுப்பர்களில் பெரும்பாலோர் விழுந்துபோகிற அளவுக்கு இருக்கின்றன என்ற பொருளில் பேசினார். கேட்டார்கள், சட்டம் அப்படியே நிறைவேறியது.

ஏன் இப்படி? வயலிலும் வீட்டிலும் கூலிக் கணக்கு எடுப்பதும் வரி வசூலிப்பதும் கடினம் என்று நிதியமைச்சர் மார்கெந்தோ காரணம் சொன்னார். விலக்கு நிர்வாகக் காரணத்தால் வந்ததா, இனவெறியால் வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நிர்வாகச் சிக்கல் பொய் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சிக்கலை அவிழ்க்க மெனக்கெடுகிறோம், எதை அப்படியே விட்டுவிடுகிறோம் என்பதில்தானே அரசியல் இருக்கிறது? கீழவையின் நிதிக் குழுவுக்குத் தலைவர் வட கரோலினாவின் டௌட்டன்; செனட் நிதிக் குழுவுக்கு மிசிசிப்பியின் ஹாரிசன். தெற்கில் வாக்கு வரியாலும் மிரட்டலாலும் கறுப்பர்களுக்கு ஓட்டே இல்லை. ஏழை வெள்ளையர் பலருக்கும் இல்லை. ஆகவே அங்கே ஜெயித்தவர்கள் தோற்பதே இல்லை, மூப்புரிமையில் குழுத் தலைவர்கள் ஆனார்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் நியூ டீல் இல்லை. மாதம் சில டாலர் வாஷிங்டனிலிருந்து நேரே ஒரு கிழவிக்கு வந்தால், அவள் பேரன் பண்ணையார் சொன்ன கூலிக்குப் பருத்தி எடுக்க வருவானா? இந்தக் கணக்குத் தெற்கத்திப் பண்ணையாருக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே விலக்கு என்பது நல்ல சட்டத்தில் தவறி விழுந்த ஓட்டையல்ல. அந்தச் சட்டம் நிறைவேறக் கொடுத்த விலை. கொடுத்தவர்கள் வேறு, பெற்றவர்கள் வேறு. கிராம்ஷி இல்லை என்று நினைத்த பழைய பாரம், புதிய அமெரிக்காவின் அஸ்திவாரத்துக்குள்ளேயே கல்லாக வைக்கப்பட்டிருந்தது.

6

சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர்கன்சாவின் டைரோன்சா பக்கத்தில் ஹிராம் நார்கிராஸ் என்பவரின் பண்ணையில் குத்தகைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜூலையில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினார்கள்: 11 வெள்ளையர், 7 கறுப்பர். இரண்டு சங்கமா, ஒரே சங்கமா என்ற கேள்வி எழுந்தது. எலைன் படுகொலை நினைவில் இருந்த பகுதி அது. தனித்தனியாகச் சேர்ந்தால் தனித்தனியாக அடிபடுவோம் என்று பேசி, ஒரே சங்கமாகத் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். சோஷலிஸ்டுகளான மிச்சலும் கிளே ஈஸ்டும் துணை நின்றார்கள். சாட்டையடி, சிறை, துப்பாக்கிச் சூடு எல்லாம் வந்தன. 1935 இலையுதிர் காலத்தில் பருத்தி எடுப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூறு பவுண்டுக்கு ஒரு டாலர் கேட்டார்கள், பல பண்ணைகளில் 75 சென்ட் வரை வாங்கினார்கள். எந்தச் சட்டமும் பாதுகாக்காத வேலைநிறுத்தம் அது.

இதை ஒரு புராணமாக்க வேண்டாம். அந்தச் சங்கத்திலும் கடிதம் எழுதியவர்களும் நிதி கையாண்டவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்களே. உபதலைவராயிருந்த கறுப்புப் போதகர் மெக்கின்னி 1938இல் தலைமையோடு முரண்பட்டார். கம்யூனிஸ்டுகளுக்கும் சோஷலிஸ்டுகளுக்கும் நடந்த இழுபறியில் 1939இல் சங்கம் உடைந்தது. இது நமக்கெல்லாம் பழகிய கதைதானே!

அதே 1939 ஜனவரியில் மிசௌரியின் தென்கிழக்கில் இன்னொன்று நடந்தது. வாரக்காரனின் பங்கை உயர்த்தி அரசு விதியைத் திருத்தியிருந்தது. பண்ணையார்கள் என்ன செய்தார்கள்? வாரக்காரர்களையே நீக்கிவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்தார்கள். தினக்கூலிக்குப் பங்கு கிடையாதே. போதகர் ஓவன் விட்ஃபீல்டு தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கறுப்பர்கள், 60ஆம் 61ஆம் எண் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் கட்டிலும் அடுப்பும் பிள்ளைகுட்டியுமாய் வந்து உட்கார்ந்தார்கள். பனிக்காலம். தங்கள் நிலையைப் போகிற வருகிற கார்களெல்லாம் பார்க்கட்டும் என்பதே போராட்டம். பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று சொல்லிப் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போய்க் கண்ணில் படாத இடங்களில் இறக்கியது. 1930இல் 7,76,000ஆக இருந்த வாரக் குடும்பங்கள் 1940இல் 5,41,000ஆகக் குறைந்திருந்தன. மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று நகரச் சேரிகளைக் கேட்க வேண்டும்.

7

ஒரு மறுப்பு வரலாம்: இவ்வளவு மோசம் என்றால் 1936இல் வடக்கே ஓட்டு இருந்த கறுப்பர்களில் பெரும்பான்மையோர், லிங்கனின் கட்சியை விட்டுவிட்டு ரூஸ்வெல்ட்டுக்கு ஏன் ஓட்டுப் போட்டார்கள்? நியாயமான கேள்வி. பொதுப்பணித் திட்டங்களில் பாரபட்சத்தோடாவது வேலை கிடைத்தது. அதற்கு முன் எதுவுமே கிடைத்ததில்லை. பசித்தவன் அரைத் தட்டை வேண்டாமென்று தள்ளமாட்டான். அதை ஏமாளித்தனம் என்று சொல்ல நமக்கு அருகதை இல்லை. கிடைத்த பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கேட்டார்கள். 1941இல் ஃபிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பேரணி என்று மிரட்டிய பிறகே, ராணுவத் தளவாட ஆலைகளில் இனப் பாகுபாட்டைத் தடை செய்து ரூஸ்வெல்ட் ஆணை போட்டார்.

நலம் நாடும் அரசை முழுசாய்க் கொண்டாடுவதும் முழுசாய் நிராகரிப்பதும் இரண்டுமே உள்ளே இருப்பவர்களின் சௌகரியங்கள் என்று தோன்றுகிறது. வெளியே நிற்பவருக்கு அது ஒரு கதவு. உடைக்கவும் வேண்டும், உள்ளே போகவும் வேண்டும். வயலும் அடுப்படியும் ஓய்வூதியத்துக்குள் நுழைய 1950, 1954 திருத்தங்கள் வரை காத்திருந்தன. குறைந்தபட்சக் கூலி விவசாயக் கூலிகளில் ஒரு பகுதியினருக்கு 1966 திருத்தத்தால்தான் கிடைத்தது, வீட்டு வேலையாட்களுக்கு 1974இல். வாக்னர் சட்டத்தின் வரையறைப் பிரிவில் மட்டும் அந்த வரி இன்றுவரை நீக்கப்படவில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டிருக்கின்றன. மற்றபடி, தக்காளி பறிக்கிறவரும் பிறர் வீட்டில் பிள்ளை வளர்க்கிறவரும் கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் 'தொழிலாளி' அல்லர். பருத்திக் காட்டில் இயந்திரம் இறங்கிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று பிற வயல்களில் குனிந்திருப்பவர்களில் மிகப் பலர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். ஆள் மாறியும் அந்த வரி மாறவில்லை. எந்தத் தொழிலாளர் சட்டத்தை யார் கொண்டுவந்தாலும் அதன் முகப்புரையைப் படிப்பதற்கு முன் வரையறைப் பிரிவைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?